சொந்த மைதானம் இல்லாத ஓர் அணி, ஒரு பருவம்: நட்பு ஆட்டங்களை மீட்ட முயற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தில் சொந்த மைதானம் வைத்துக்கொள்ளாமல், வாரந்தோறும் வெவ்வேறு ஊருக்குச் சென்று அந்தந்த ஊர் அணியுடன் ஆடிவிட்டுத் திரும்பும் கிரிக்கெட் கிளப்புகள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. 1845இல் தொடங்கப்பட்ட ஐ ஜிங்காரி இவற்றுள் மூத்தது. 1856இல் தோன்றிய ஃப்ரீ ஃபாரஸ்டர்ஸும் அதே வழியில் வந்தது. அவை மேல்தட்டு மக்களின் கிளப்புகளாகத் தொடங்கியவை. இங்கே பேசப்படும் அணி அப்படிப்பட்டதன்று. லண்டனில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து அமைத்த, பயிற்சியாளரோ பெரிய நிதியோ இல்லாத அமெச்சூர் அணி அது. ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சசெக்ஸ், சர்ரே, கென்ட் மாவட்டங்களின் கிராமங்களுக்குச் சென்று ஆடும். புள்ளிப் பட்டியல் இல்லை, கோப்பை இல்லை. ஆட்டக் கட்டணமாக ஒவ்வொருவரும் தரும் சிறு தொகையில்தான் பந்துக்கும் மைதானத்துக்குமான செலவு நடக்கிறது.

இப்படிப்பட்ட அணியின் நிலை மற்ற அணிகளின் நிலையிலிருந்து ஒரு விதத்தில் அடிப்படையாகவே வேறுபடுகிறது. ஆடுகளத்தை உருட்டிச் சமன்படுத்துவது, புல் வெட்டுவது, கோடு போடுவது, இடைவேளைக்குத் தேநீரும் சாண்ட்விச்சும் தயார் செய்வது ஆகிய எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே செய்கிறார்கள். வரும் அணியால், "அடுத்த மாதம் நீங்கள் எங்கள் மைதானத்துக்கு வாருங்கள்" என்று பதிலுக்கு அழைக்க முடியாது. சொன்ன நேரத்துக்குப் பதினொரு பேர் வந்து நிற்பது, பொருத்தமான ஓர் ஆட்டத்தைத் தருவது, ஆட்டம் முடிந்ததும் பெவிலியன் பாரில் சற்று நேரம் இருந்து நாலு காசு செலவழித்துவிட்டுப் போவது ஆகியவற்றைத் தவிர அதனிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை. கிராமக் கிளப்புகள் பலவற்றின் வருமானத்தில் அந்தப் பாருக்கு முக்கியமான பங்கு உண்டு என்பதால் மூன்றாவதை உபசாரமாக மட்டும் எண்ணிவிடக் கூடாது.

இந்தப் பின்னணியில், புள்ளிப் பட்டியல் வைத்து ஆடும் லீக் ஆட்டங்களின் வளர்ச்சியையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே லீக்குகள் வேரூன்றிவிட்டன. பர்மிங்காம் லீக் 1888இல் தொடங்கியது. தெற்கில் புள்ளிக்காக ஆடுவதை வெகுகாலம் எதிர்த்தார்கள். 1960களின் இறுதிவரை அங்கே கிளப் கிரிக்கெட் என்றாலே பெரும்பாலும் நட்பு ஆட்டங்கள்தாம். லீக்குகள் வந்த பிறகு சனிக்கிழமை முழுமையாக அவற்றுக்குப் போயிற்று. நட்பு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையில் ஒதுங்கியது. ஒரு கிராமத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை லீக்கில் ஆடிவிட்டு மறுநாள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஞாயிறு அணியில் இறங்குவோர் பதின்ம வயதுப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், பிள்ளையைக் காரில் கொண்டுவந்துவிட்ட அப்பா போன்றவர்கள். வரும் அணி இந்த உண்மையைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

சிக்கல் உருவான விதம்

2020இல் பெருந்தொற்றால் இங்கிலாந்தின் பொழுதுபோக்குக் கிரிக்கெட் ஜூலை 11 வரை நிறுத்தப்பட்டிருந்தது. மீண்டும் தொடங்கியபோது தேநீர் விருந்துக்கு அனுமதி இல்லை. அந்த இடைவெளியில் அணியின் மூத்த உறுப்பினர்கள் சிலர் ஆடுவதை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்து வந்த காலத்தில் எட்டு அல்லது ஒன்பது பேருடன் ஊர்களுக்குப் போய், எதிரணியிடம் ஆள் கடன் கேட்கும் நிலை அடிக்கடி ஏற்பட்டது. இதைச் சரிசெய்ய உறுப்பினர் ஒருவர், சனிக்கிழமைகளில் உயர்மட்ட லீக்கில் ஆடிவந்த தம் அலுவலக நண்பர்கள் நால்வரை அழைத்து வந்தார். எண்ணிக்கைக் குறை தீர்ந்தது. அணி வெல்லவும் தொடங்கியது. பெரிய வித்தியாசத்தில், திரும்பத் திரும்ப.

அந்தக் குளிர்காலத்தில், ஆட்டத் தேதிகளைப் பேசி முடிக்கும் நம் அட்டவணைச் செயலாளர் வழக்கம்போல் ஊர்களைத் தொடர்புகொண்டபோது பதில்கள் மாறியிருந்தன. ஒரு ஊர் அந்த ஞாயிறு வேறு நிகழ்ச்சி இருப்பதாகச் சொன்னது. இன்னொன்று மைதானத்தில் வேலை நடப்பதாகச் சொன்னது. வேறொன்று பதிலே அனுப்பவில்லை. குறை என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆங்கிலக் கிராமங்களில் விருந்தாளியிடம் குறை சொல்வது வழக்கமும் இல்லை. பல ஆண்டுப் பழக்கமுள்ள ஓர் ஊர்க் கிளப்பின் செயலாளர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். சென்ற கோடையில் தங்கள் ஊர்ப் பிள்ளைகள் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் வந்த பந்துகளை எதிர்கொண்டு ஆளுக்கு ஒரு ஓவர்கூட நிற்காமல் திரும்பினார்கள் என்றும், இனி அந்த ஆட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று இரண்டு பெற்றோர் முடிவு செய்துவிட்டார்கள் என்றும் அவர் கூறினார். அவருடைய நேர்மை அணிக்குச் செய்த நன்மை பெரிது. அந்தத் தொலைபேசி உரையாடல் நடந்திருக்காவிட்டால், ஊர்கள் விலகுவதற்குக் காலத்தின் போக்கே காரணம் என்று அணி நம்பிக்கொண்டிருந்திருக்கும்.

பருவத் தொடக்கத்தில் கவனித்தவை

அந்தப் பருவம் முழுவதும் ஸ்கோர் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. ஆட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும், யார் எதற்காக அன்றைக்கு வந்தார்கள் என்பதை அந்தப் புத்தகம் காட்டிக்கொடுத்துவிடும். முதல் ஐந்து வாரப் பக்கங்களில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்பத் தெரிந்தது. ரன்களில் பெரும்பகுதியை முதல் மூன்று மட்டையாளர்கள் எடுத்தார்கள். ஓவர்களில் பெரும்பகுதியை இரண்டு பேர் வீசினார்கள். மற்றவர்களில் ஐந்தாறு பேர், மட்டையையோ பந்தையோ தொடாமல், இரண்டு மணி நேரம் ரயிலில் வந்து எல்லைக் கோட்டருகே நின்றுவிட்டு இரண்டு மணி நேரம் ரயிலில் திரும்பினார்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் "இந்த வாரம் வர முடியவில்லை" என்று செய்தி அனுப்பியவர்களின் பட்டியலை இதனுடன் வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலும் அதே ஐந்தாறு பேர்தாம். எதிரணியைச் சோர்வடையச் செய்த ஏற்பாடு நம் அணியின் பாதியையும் சோர்வடையச் செய்துகொண்டிருந்தது. இந்தப் பொருத்தத்தை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவதாகக் கவனித்தது நேரம். ஆட்டங்கள் தேநீருக்கு முன்போ அதற்குச் சற்றுப் பின்னரோ முடிந்துவிட்டன. ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்தால் ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், பார் காலியாகும்.

மே மாதத்தில் கிழக்கு சசெக்ஸ் கிராமம் ஒன்றில் நடந்ததுதான் எல்லோரையும் யோசிக்க வைத்தது. ஊர் அணி தேநீருக்கு வெகு முன்னரே ஆட்டமிழந்துவிட, நம் அணி விக்கெட் இழப்பின்றி இலக்கை எட்டிவிட்டது. வெயில் இன்னும் இருந்ததால் இரண்டு கேப்டன்களும் பேசி, மாலையில் ஒரு சிறிய 20 ஓவர் ஆட்டம் வைத்துக்கொண்டார்கள். மட்டை வரிசையைத் தலைகீழாக்கினார்கள். விக்கெட் காப்பாளர் உட்பட, பகலில் வீசாத எல்லோரும் ஆளுக்கு இரண்டிரண்டு ஓவர் வீசினார்கள். அந்த ஆட்டம் கடைசி ஓவர் வரை போயிற்று. ஊர்ப் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று கத்தினார்கள். பகல் ஆட்டத்தில் ஆடியவர்களே, அதே ஆடுகளத்தில், மாலையிலும் ஆடினார்கள். வேறுபட்டது ஏற்பாடு மட்டுமே.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மே மாத இறுதியில் கேப்டன், அட்டவணைச் செயலாளர், மூத்த உறுப்பினர்கள் இருவர் ஆகியோர் கூடிப் பேசினார்கள். முதலில் எழுந்த யோசனை, பலமான நால்வரையும் சில ஆட்டங்களுக்கு ஒதுக்கிவைப்பது. அது உடனே கைவிடப்பட்டது. அணிக்கு ஆளில்லாத காலத்தில் வந்து கைகொடுத்தவர்களை, நன்றாக ஆடுகிறார்கள் என்பதற்காக விலக்குவது அறமாகாது.

இரண்டாவது யோசனை, எதிரணி தடுமாறும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடுவது: எளிய பந்துகளை வீசுவது, ஒரு பிடியைத் தவறவிடுவது போன்றவை. இதை எதிர்த்து மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்ன வாதமே பின்னர் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை ஆயிற்று. பதினான்கு வயதுப் பிள்ளைக்கும், தனக்காகப் பிடி கைவிடப்பட்டது தெரிந்துவிடும். அதைவிட ஆட்டமிழப்பதே மரியாதை. ஆகவே சமன்படுத்த வேண்டியதை டாஸுக்கு முன்னும், மட்டை வரிசையிலும், யார் எந்த முனையிலிருந்து வீசுவது என்ற தேர்விலும் செய்து முடித்துவிட வேண்டும்; பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகு இருபுறமும் முழு மூச்சாக ஆட வேண்டும். என் பார்வையில், அந்தப் பருவத்தில் அணி கண்டடைந்த மிக முக்கியமான வேறுபாடு இதுதான். ஏற்பாட்டில் காட்டும் அக்கறையும் ஆட்டத்தின் நடுவே காட்டும் இரக்கமும் ஒன்றல்ல. முன்னதை ஊர்கள் வரவேற்றன, பின்னது அவர்களைப் புண்படுத்தியிருக்கும்.

இதன் அடிப்படையில் சில நடைமுறைகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு புதன்கிழமையும் நம் கேப்டன் ஊர் அணியின் கேப்டனை அழைத்து, யார் யார் வருகிறார்கள், எத்தனை பேர் சிறுவர்கள் என்று கேட்டு, நம் பக்கத்து நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த அழைப்பைப் பொறுத்தே அணி தேர்ந்தெடுக்கப்படும். நம்மிடம் பன்னிரண்டாவது ஆள் இருந்தால், ஊரில் ஆள் குறையும்போது அவரை அங்கே ஆடச் சொல்லலாம். ஊர்க்காரர் விரும்பினால் பலமான நால்வரில் ஒருவரையே கொடுக்கலாம். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கிளப்பின் விதிகளில் முதலாவதே, இருதரப்பும் ஒப்புக்கொண்டால் பதினொருவருக்குக் குறைவாகவோ அதிகமாகவோ கொண்டு ஆடலாம் என்று இடம் தருகிறது. களத்தில் ஒரே நேரத்தில் பதினொருவருக்கு மேல் களத்தடுப்பு செய்யக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு.

ஆட்ட வகையைப் பற்றிய முடிவு விரிவாகச் சொல்லத் தக்கது. அதுவரை பெரும்பாலான ஆட்டங்கள் 40 ஓவர் ஆட்டங்களாகவே இருந்தன. பலம் சமமாக இல்லாதபோது இந்த வகை இரக்கமற்றது. முதலில் ஆடிய அணி 260 ரன் எடுத்துவிட்டால், இரண்டாவது ஆடும் அணிக்குத் தோல்வியைத் தவிர வேறு முடிவு கிட்டுவது அரிது. நாற்பது ஓவர் தடுத்து நின்றாலும் அது தோல்விதான். ஓவர் கணக்கின்றிக் குறித்த நேரம்வரை ஆடும் நேர வரையறை ஆட்டத்தில் அப்படி இல்லை. முதலில் ஆடும் அணி, போதும் என்று தானே தன் ஆட்டத்தை முடித்துக்கொள்ள, அதாவது டிக்ளேர் செய்ய வேண்டும். இரண்டாவது அணி இலக்கைத் துரத்தலாம், முடியாதபோது விக்கெட்டைக் காத்து டிரா செய்யலாம். கடைசி ஒரு மணி நேரத்தில் குறைந்தது 20 ஓவர் வீசப்பட வேண்டும் என்ற விதி, நேரத்தை வீணாக்கித் தப்பிக்க முடியாதபடி செய்கிறது. பலம் குறைந்த அணிக்கு இதனால் கடைசிப் பந்து வரை ஒரு வேலை இருக்கிறது. பலமான அணியின் கேப்டனுக்கோ, எப்போது டிக்ளேர் செய்வது என்ற கடினமான கேள்வி எழுகிறது. பேராசைப்பட்டுத் தேநீர் வரை ஆடிக்கொண்டே இருந்தால் பத்து விக்கெட்டை எடுக்க நேரம் போதாது. முன்கூட்டி முடித்தால் தோற்கவும் நேரிடலாம். எனவே ஊர் அணி ஒப்புக்கொள்ளும் இடங்களில் எல்லாம் நேர வரையறை ஆட்டம் என்று முடிவாயிற்று.

மட்டையாளர் 50 ரன் எடுத்ததும் தானாக விலகிவிட வேண்டும் என்பதும், பிள்ளைகள் ஆடும்போது வேகப் பந்துவீச்சாளரைக் கொண்டுவருவதற்கு முன் எதிரணிக் கேப்டனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதும் மற்ற இரு முடிவுகள். இவற்றோடு, ஆட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரமாவது எல்லோரும் இருந்துவிட்டே கிளம்புவது என்றும், அதற்கேற்ற ரயிலையே முன்கூட்டிப் பார்த்து வைப்பது என்றும் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவது அங்கே வாடிக்கை என்பதால், சிறிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்கும் உண்மையில் உழைப்பு தேவைப்பட்டது.

ஜூலை மாத ஆட்டம்

புதிய நடைமுறை எப்படி வேலை செய்தது என்பதைக் காட்ட ஓர் ஆட்டம் போதும். வெளிப்படையாகப் பேசிய அந்தச் செயலாளரின் ஊர் அது. சரிவான மைதானம், ஒரு பக்கம் தேவாலயச் சுவர், மறுபக்கம் வயல். மெதுவான, தாழ்ந்து வரும் ஆடுகளம். பெவிலியன் சுவரில் அடித்திருந்த ஆணிகளில் எண் தகடுகளை மாட்டித்தான் ஸ்கோர் காட்டினார்கள். பகல் ஒரு மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில் டாஸ் போடவில்லை. புதன்கிழமைப் பேச்சின்படி நம் அணி முதலில் ஆடியது. வழக்கமாக எட்டாவது இடத்தில் இறங்கும் இருவர் தொடக்க ஆட்டக்காரர்களாகச் சென்றார்கள். தேநீர் நேரமான நான்கு மணிக்கு 180 ரன் சொச்சத்தில் நம் கேப்டன் டிக்ளேர் செய்தார்.

ஊர் அணி ஆறு மணிவரை சரியாகத் துரத்திக்கொண்டு வந்தது. அதன் பிறகு நடுவரிசை சரிந்தது. நான்கு ஓவர் மீதமிருக்கையில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது வெற்றிக்கு நாற்பது ரன்னுக்கு மேல் தேவைப்பட்டது. களத்தில் நின்றவர்கள் பதினான்கு வயதுப் பையன் ஒருவனும், அன்று காலை ஆடுகளத்தை உருட்டிய அறுபது வயதைக் கடந்த மைதானக் காப்பாளரும். இந்த இடத்தில் நம் கேப்டன் தம் வேகப் பந்துவீச்சாளரை அழைத்திருந்தால் ஆட்டம் இரண்டு பந்துகளில் முடிந்திருக்கலாம். அவர் லெக் ஸ்பின்னரைத் தொடரச் சொன்னார். மறுமுனையில், அதுவரை வீசாத ஒருவரிடம் பந்தைக் கொடுத்தார். ஆனால் மட்டையைச் சுற்றி நான்கு பேரை நிறுத்தினார். அந்த லெக் ஸ்பின்னர் தம்மிடமிருந்த எல்லாவற்றையும் வீசினார்; எதிர்பாராத பக்கம் திரும்பும் கூக்ளி உட்பட. ஒரு விளிம்புப் பந்து ஸ்லிப்பில் நின்றவரின் கைக்கு ஓரடி முன்னால் தரையில் விழுந்தது. ஒரு எல்.பி.டபிள்யூ முறையீட்டை நடுவர் மறுத்தார். அவர் பையனின் சொந்த அணிக்காரர். இத்தகைய ஆட்டங்களில் மட்டை பிடிக்கும் அணியினரே முறைவைத்து நடுவராக நிற்பார்கள். முறையிட்டவர்கள் ஒன்றும் பேசாமல் தத்தம் இடத்துக்குத் திரும்பினார்கள்.

கடைசி ஓவரைப் பையன் எதிர்கொண்டான். ஆறு பந்துகளையும் முன்காலை நீட்டித் தடுத்தான். ரன்னில்லாத ஓவரில் பந்துக்கு ஒன்றாக இடும் ஆறு புள்ளிகளையும் கோடிட்டு இணைத்து ஆங்கில எம் எழுத்தாக எழுதுவது ஸ்கோரர்களின் மரபு. என் பக்கத்தில் அமர்ந்து ஊர் அணியின் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்த சிறுமி, பென்சிலை வைத்துவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கி அந்த எழுத்தைப் போட்டாள். அன்று பாரில் இருட்டும்வரை கூட்டம் குறையவில்லை. ஜூலையில் அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டும்.

சரிவராதவை

எல்லா முடிவுகளும் பலன் தந்தன என்று எழுதுவது உண்மையாகாது. ஐம்பதில் விலகும் விதி தோல்வி. ஜூன் மாத ஆட்டம் ஒன்றில், வாழ்நாளில் ஒருமுறையும் சதத்தை நெருங்காத உறுப்பினர் ஒருவர், அன்றைக்குப் பந்து மட்டையின் நடுவில் பட்டுக்கொண்டிருந்தபோது விதியின்படி வெளியேற வேண்டியதாயிற்று. கிரிக்கெட் விதிகளின்படி காயம், உடல்நலக் குறைவு போன்ற தவிர்க்க முடியாத காரணமின்றி விலகியவர் எதிரணிக் கேப்டன் சம்மதித்தால்தான் மீண்டும் ஆட முடியும். இல்லையேல் புத்தகத்தில் 'விலகி ஆட்டமிழந்தார்' என்றே பதிவாகும். எதிரணிக் கேப்டனோ, "இதை நாங்கள் கேட்கவில்லையே" என்று வருத்தத்துடன் சொன்னார். தம் பந்துவீச்சாளர்கள் அவரை ஆட்டமிழக்கச் செய்ய விரும்பியதாகவும், அந்த வாய்ப்பு பறிக்கப்பட்டதாகவும் அவர் கருதினார். ஆட்டத்தின் நடுவே காட்டும் இரக்கம் கூடாது என்று தீர்மானித்த அதே கூட்டம், இந்த விதியில் அதைத்தான் செய்திருந்தது. ஜூலை முதல் இது கேப்டனின் விருப்பத்துக்கு விடப்பட்டது. மட்டை வரிசையை மாற்றியமைத்ததே போதுமானதாக இருந்தது.

பலமான நால்வரில் இருவர் ஆகஸ்ட்டில் விலகினார்கள். கசப்பு இல்லை. ஞாயிறும் கடுமையான ஆட்டமே வேண்டும் என்று விரும்பினார்கள். வேறு கிளப்பில் சேர்ந்தார்கள். மற்ற இருவர் தங்கினார்கள். அவர்களில் ஒருவர், பிள்ளைகளுக்குத் தேநீர் இடைவேளையில் பந்தைப் பிடிக்கும் முறை சொல்லிக்கொடுப்பதைப் பல ஊர்களில் பார்த்தேன்.

நேர வரையறை ஆட்டத்தை இரண்டு ஊர்கள் ஏற்கவில்லை. அவர்களுடைய இளைஞர்கள் ஓவர் கணக்கு ஆட்டத்திலேயே வளர்ந்தவர்கள். டிரா என்பதை முடிவாக அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே 35 ஓவர் ஆட்டமாக வைத்து, ஒருவர் ஐந்து ஓவருக்கு மேல் வீசக் கூடாது என்று பேசி முடித்தோம். அது சுமாராக ஓடியது.

விளைவு

ஜூலைக்குப் பிறகு நடந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை கடைசி அரை மணி நேரம் வரை முடிவு தெரியாமல் சென்றன. அணி முந்தைய ஆண்டைவிடக் குறைவாகவே வென்றது. சிலவற்றில் தோற்றது, சில டிரா ஆயின. வெள்ளிக்கிழமை மாலை விலகும் செய்திகள் குறைந்தன. தொடர்ந்து விலகிவந்தவர்களில் ஒருவர் செப்டம்பரில் தம் முதல் விக்கெட்டை எடுத்தார். ஐந்து விக்கெட்டோ அரைசதமோ எடுத்தவர்தாம் எல்லோருக்கும் ஒரு ஜாடி பீர் வாங்க வேண்டும் என்ற வழக்கத்தைப் பொருட்படுத்தாமல், ஒரு விக்கெட்டுக்கே வாங்கினார்.

ஊர்களைப் பொறுத்தவரை, முந்தைய குளிர்காலத்தில் தயங்கிய மூன்றில் இரண்டு மறுபடி தேதி கொடுத்தன. வெளிப்படையாகப் பேசிய செயலாளர், பருவம் முடியுமுன்னரே அடுத்த ஆண்டுக்கான ஞாயிற்றைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாவது ஊர் வரவில்லை. அங்கே ஞாயிறு அணியே கலைந்துவிட்டது. வரும் அணி எவ்வளவு பொருத்தமாக நடந்துகொண்டாலும், ஊரில் ஆட ஆளில்லாத குறையை அதனால் தீர்க்க இயலாது.

அடுத்த பருவத்தில் மாற்ற வேண்டியவை

புதன்கிழமை அழைப்பு தொடர வேண்டும். ஆனால் அது ஒரே கேப்டனின் தோளில் இருக்கக் கூடாது. அவர் ஊரில் இல்லாத வாரத்தில் அழைப்பு நடக்கவில்லை, அந்த வார ஆட்டம் பழைய ஆட்டங்களைப் போலவே ஒருதலையாக முடிந்தது. பிள்ளைகளைப் பற்றிய பாதுகாப்பு வழிகாட்டல்களை நம் எல்லா உறுப்பினர்களும் பருவத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டும்: பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஹெல்மெட் அணிவது, இளம் வேகப் பந்துவீச்சாளர்களுக்கான ஓவர் வரம்பு, பதினைந்து வயதுக்குட்பட்ட பிரிவினர், ஆஃப் பக்கத்தில் விக்கெட்டுக்குப் பின்னால் தவிர, நடு ஸ்டம்பிலிருந்து எட்டு கெஜத்துக்குள் நிற்கக் கூடாது என்பது முதலியவை. விருந்தாளி அணியும் அறிந்திருந்தால்தான், ஊரிலிருந்து கடன் வாங்கிய பையனைத் தவறான இடத்தில் நிறுத்தாமல் இருக்க முடியும். புதிதாகச் சேர விரும்புவோரிடம் அணி எப்படிப்பட்ட ஆட்டம் ஆடுகிறது என்பதை முதல் உரையாடலிலேயே சொல்லிவிட வேண்டும். விலகிய இருவருக்கும் அது முன்பே தெரிந்திருந்தால் அவர்களுடைய ஒரு கோடை வீணாகியிருக்காது.

அணி கலைந்துபோன மூன்றாவது ஊருக்கு, அக்டோபரில் ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. பதினொருவர் தேவையில்லை, கிடைக்கும் ஆட்களைக் கொண்டு ஆடலாம், குறையும் இடத்தை நம் அணியிலிருந்து நிரப்பலாம் என்று அதில் எழுதியிருந்தோம். மே மாத இறுதி ஞாயிறு ஒன்றை அவர்கள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்: பக்கத்துக்கு ஒன்பது பேர், 30 ஓவர், தேநீருக்கு அவரவர் உணவு.